ஒன்டாரியோ: பணி நியமனத்தில் 'தகுதி' எது?

டொரொண்டோவைத் தலைநகராகக் கொண்ட ஒன்டாரியோ மாகாணத்தில், பெண்கள், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையரல்லாதோர் ஆகியோருக்கு வேலைவாய்ப்பில் உரிய பங்கு கிடைக்கச் செய்யும் சட்டத்தை 1993இல் பாப் ரே அரசு நிறைவேற்றியது. நிறுவனங்கள் தாமே இலக்குகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. ஆனால் அதனை 'இடஒதுக்கீடு' என்று வர்ணித்த மைக் ஹாரிஸ் அரசு, தகுதி அடிப்படையை மீட்பதாகக் கூறி 1995இல் ரத்துசெய்தது.

அந்தத் தகுதி எவ்வாறு அளக்கப்படுகிறது? பொருளியலாளர் பிலிப் ஓரியோபோலஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வுக்காக, டொரொண்டோ வட்டார நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கல்வியும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவையாகக் காட்டப்பட்டபோதும், இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கே கணிசமாகக் கூடுதல் அழைப்புகள் வந்தன.

பாகுபாட்டைத் தடைசெய்யும் மாகாண மனித உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் பொதுவாக முறையிட வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. அழைப்பு வராதவருக்கோ, அது வராததன் காரணம் தெரிவதில்லை.