தரங்கம்பாடியும் நம் வீட்டுப் பேரேடும்

ஓர் ஊரையே கிரயம் பேசி விற்க முடியுமா என்று கேட்டால் நம் வணிகப் பெருமக்கள் சிரிப்பார்கள். அப்படி ஒரு கிரயம் நம் சோழமண்டலக் கரையில் நடந்திருக்கிறது. 1845ஆம் ஆண்டில் டென்மார்க் அரசு, தரங்கம்பாடியையும் வங்காளத்தில் தனக்கிருந்த சீராம்பூரையும் சேர்த்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றது. விற்றவரிடமும் வாங்கியவரிடமும் அதற்கான தாள் இருக்கிறது. அந்த ஊரில் கடை வைத்திருந்த, மிளகும் துணியும் சேகரித்துக் கொடுத்த நம்மவரின் கணக்கு எங்கே இருக்கிறது?

தரங்கம்பாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள சிறிய கடற்கரை ஊர். மாசிலாமணிநாதர் கோயிலில் உள்ள மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்றாலே வணிகர் ஊர்தான். ஆக, டேனியர் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே துறை இருந்தது.

1620இல் ஓவ கெத்த என்ற டேனிஷ் கப்பற்படைத் தலைவர் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். கோட்டை கட்டிக்கொள்ள இடமும், மிளகு ஏற்றுமதி செய்ய அனுமதியும் கிடைத்தன. ஆண்டுதோறும் நாயக்கருக்குப் பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆண்டில் எழும்பியதுதான் டேன்ஸ்பர்க் கோட்டை.

துறைமுகம் என்றதும் இன்றைய சென்னையையோ தூத்துக்குடியையோ போல் மனத்தில் கொள்ளக் கூடாது. இங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமலும் அலையின் வேகத்தாலும் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு என்னும் படகுகளில்தான் மூட்டைகள் போய்வரும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் இந்தக் கரையில் வழக்கம். ஆணி அடித்த படகு அலையில் மோதிப் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடும். எனவே அதற்கு முன்பே சரக்கு சேகரித்துக் கட்டி வைத்துவிட வேண்டும். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத் துணியைச் சேர்ப்பது, தரம் பார்ப்பது, கிடங்கில் அடுக்குவது, கம்பெனிக்காரனிடம் விலை பேசுவது ஆகிய அத்தனையும் உள்ளூர் வணிகரும் துபாஷிகளும் செய்த வேலை. மொத்த வியாபாரம் செய்யும் நம்மவருக்கு இது புதிதல்ல. பருவம் பார்த்துக் கொள்முதல் செய்து கையிருப்பில் பணத்தை முடக்கும் அதே கவலைதான்.

இவ்வூர் அதிகம் சம்பாதித்தது பிறர் சண்டையில். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலில் மோதிக்கொண்டிருந்தபோது டென்மார்க் நடுநிலை நாடாக இருந்தது. டேனிஷ் கொடி கட்டிய கப்பலில் சரக்கு ஏற்றினால் பறிமுதல் பயம் குறைவு. அதனால் எல்லாத் தரப்புச் சரக்கும் இந்தத் துறையைத் தேடி வந்தது. ஊரின் நுழைவாயில் வளைவு 1792இல் கட்டப்பட்டது. அரச வீதியின் பெரிய மாளிகைகளிலும் அந்தக் காலத்துச் செழிப்பு தெரியும். பிறகு டென்மார்க்கும் அந்தப் போரில் சிக்கிக்கொள்ள, 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். வியாபாரம் திரும்ப எழவில்லை. 1845க்குப் பின் ஆங்கிலேயருக்கு நாகப்பட்டினமே போதுமானதாக இருந்தது. 1860களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து திருச்சிக்கு இரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தரங்கம்பாடிக்கு இரயில் வந்தது 1926இல்தான். அதுவும் 1986இல் நிறுத்தப்பட்டது. பாதை மாறினால் கடைத்தெரு படுத்துவிடும் என்பதற்கு நம் ஊர்ப் புறவழிச்சாலைகளே சாட்சி.

இப்படிப் படுத்த ஊர் என்பதால்தான் பழைய வீதியமைப்பு இடிபடாமல் தப்பியது என்பது ஒரு வேடிக்கை. வளர்ந்த ஊர்களில் இந்த வீடுகளெல்லாம் எப்போதோ அடுக்குமாடிகளாகியிருக்கும். இடிப்பதற்கு மனிதர் வராவிட்டாலும் கடல் வந்தது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வூரில் பெரும் உயிர்ச்சேதம் செய்தது. அதன் பின் வந்த சீரமைப்பின்போது தட்டார் தெருவில் பழைய வீடுகள் சிலவற்றை இன்டாக் அமைப்பு எடுத்துப் பழுதுபார்த்தது. கோட்டையைத் தமிழகத் தொல்லியல் துறை காத்து வருகிறது. உள்ளே அருங்காட்சியகமும் உண்டு.

அந்த வீடுகளைப் பழுதுபார்த்த முறையை நாம் கவனிக்க வேண்டும். கடலோர ஊர்களில் பழைய கட்டடத்தில் கடை வைத்திருப்போர் அனைவருக்கும் பயன்படும் செய்தி இது. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. அது ஈரத்தை உறிஞ்சும், பின் வெளியே விடும். காரை பெயர்ந்ததும் கொத்தனார் வந்து சிமெண்ட் பூசிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு ஆண்டு பளபளப்பாக இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து, கல்லைப் பொடியாக்கி, கடைசியில் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். "பழைய சுவர், அப்படித்தான்" என்கிறோம். சுவரின் குற்றம் அல்ல, பூச்சின் குற்றம். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். கூலி கொஞ்சம் கூடும், காய்வதற்கு நாளும் ஆகும். கிடங்கில் அரிசியும் பருப்பும் அடுக்கி வைப்பவர்களுக்கு ஈரம் கோக்காத சுவரின் மதிப்பு தெரியாததல்ல.

கட்டடத்தைக் காக்க அரசும் அமைப்புகளும் ஓரளவு இருக்கின்றன. வணிகர் வீட்டுக் காகிதத்தைக் காக்க நம்மைத் தவிர ஆளில்லை. டேனிஷ் அதிகாரிகள் எழுதியவற்றில் பெரும்பகுதி கோபன்ஹேகனில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியாளர் அதைப் படித்துத்தான் தரங்கம்பாடி வரலாறு எழுதுகிறார். வாங்கியவன் குறிப்பை மட்டும் வைத்து விற்றவன் கதையை எழுதினால் அது எப்படி இருக்கும் என்று நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. 1712இல் சீகன்பால்குவிற்காக அச்சுப்பொறி வந்து இறங்கியது இதே துறையில். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி முடிந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரவே அருகில் பொறையாற்றில் காகித ஆலையே தொடங்கினார்கள்; கடுதாசிப் பட்டறை என்ற பெயர் அதனால் வந்தது. காகிதம் செய்ய இத்தனை பாடுபட்ட ஊரின் காகிதம் எங்கே போயிற்று? எல்லா ஊரிலும் போன இடத்துக்குத்தான். பழைய காகிதமெல்லாம் கடைசியில் வந்து சேர்ந்த இடம் மளிகைக் கடை. கிலோக் கணக்கில் வாங்கி, தாள் கிழித்து, சீரகமும் கடுகும் பொட்டலம் மடித்தோம். உணவுப் பொருளை அச்சிட்ட தாளில் மடிக்க வேண்டாமென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்திய பிறகு அந்த வழக்கம் குறைந்து வருகிறது. தாள் இப்போது நேரே பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து ஆலைக்குப் போய்க் கூழாகிறது.

அப்படிப் போகிறவற்றில் 1957 ஏப்ரலுக்கு முந்தைய பேரேடு ஒன்று கையில் அகப்பட்டால் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். ரூபாய், அணா, பைசாவில் கணக்கு இருக்கும். இன்னும் பழையதானால் தமிழ் எண்களும், மாகாணி, அரைக்கால், காணி, முந்திரி ஆகிய பின்னங்களும் இருக்கும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எந்த ஆண்டில் பஞ்சம், எந்த மாதம் நெல் விலை ஏறியது, எந்தக் கோயிலுக்கு மகமை போயிற்று, யாருக்குக் கடன் நின்றது எல்லாம் அதில் உண்டு. வேறு எந்த ஆவணத்திலும் இது கிடைக்காது. பித்தளைப் படி, மரக்கால், பழைய தராசு ஆகியவையும் அப்படியே. எடைக்கு எடை பாத்திரக் கடையில் போட்டால் கிடைப்பது பித்தளை விலை மட்டும்.

வைத்துக் காப்பதற்குப் பெரிய செலவில்லை. பேரேட்டைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டக் கூடாது. கடலோரத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சலவை செய்த பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் மர அலமாரியில் வைக்கலாம். கிழிந்த தாளுக்குப் பசைநாடா ஒட்டுவது, தாளை லேமினேஷன் செய்வது இரண்டும் கேடு. ஓலைச்சுவடியானால் தூரிகையால் தூசு தட்டி, நம் கடையில் விற்கும் புல்தைலத்தை மெல்லத் துடைத்துவிட்டால் பூச்சி அண்டாது. காகிதத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படியும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை; உரிமமின்றி வியாபாரம் செய்வதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதுமே தவறு. வைக்க இடமில்லாதவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, சுவடியானால் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தையோ கேட்டுப் பார்க்கலாம்.

இதில் அவசரமானது ஒன்று. பழைய பின்ன எண்களையும் கணக்குச் சுருக்கெழுத்தையும் தடையின்றி வாசிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளைகள் மிகச் சிலரே இருக்கிறார்கள். உங்கள் கடைத்தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், ஒரு மத்தியானம் அவரை அழைத்து உட்கார வைத்து, கையிலுள்ள பேரேட்டில் நாலு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பக்கத்தையும் படமெடுத்து, குரலையும் பதிவு செய்து, எந்தக் கடை, எந்த ஆண்டு என்று எழுதி வைத்துவிடுங்கள்.