கல்கத்தாவில் அடங்கிய பியானோ

ரயில்வேயில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்று, ரயிலே வராத குண்டலுபேட்டையில் குடியேறியவன் நான். பழைய இசைத்தட்டுகள் கேட்பது என் பொழுதுபோக்கு. “கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவருக்கு அமெரிக்க இசையில் என்ன ஈடுபாடு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ரயில்தான் காரணம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த பாட்டு ‘புளூஸ்’. அதைப் பியானோவில் துரிதமாக வாசிக்கும் பாணி ‘பூகி-வூகி’. இடது கை ஒரே சுர வரிசையை விடாமல் உருட்டிக்கொண்டிருக்கும். வலது கை அதன்மேல் மனம்போல் விளையாடும். மிருதங்கத்தின் தொப்பியையும் வலந்தலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 13 மீட்டர் தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட் போட்டு இணைத்த காலத்தில், ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் எழுப்பிய ‘தடக் தடக்’ ஓசையேதான் அந்த இடது கை. மீட் லக்ஸ் லூயிஸ் 1927-ல் பதிவு செய்த ‘ஹாங்கி டாங்க் டிரெயின் புளூஸ்’ கேட்டால் புரியும்.

அந்தத் தலைமுறைப் பியானோக் கலைஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்து, இங்கேயே மறைந்தார் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அவர் டெடி வெதர்ஃபோர்டு. 1903-ல் வர்ஜீனியா மாநிலத்தில் போகஹாண்டஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். நியூ ஆர்லியன்ஸில் பியானோ பழகி, சிகாகோ சென்றார். அவருடையது ‘ஸ்டிரைடு’ பாணி. இடது கை தாழ்ந்த சுரத்துக்கும் நடுப்பகுதிச் சுரக்கூட்டுக்கும் தாவித் தாவி ஓடும். பேசாப் படங்களுக்கு வாசித்த எர்ஸ்கின் டேட் குழுவில், லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து 1926-ல் இசைத்தட்டு பதிவு செய்தார். சிகாகோவில் அன்று அவரே முதன்மையானவர்.

அதே ஆண்டு ஜாக் கார்ட்டர் குழுவுடன் கப்பலேறி ஆசியா வந்தார். ஷாங்காய், சிங்கப்பூர், மணிலா என்று வாசித்தார். அவர் விட்டுவந்த சிகாகோவில் ஏர்ல் ஹைன்ஸ் புகழ் பெற்றார். இசை வரலாற்று நூல்களில் ஹைன்ஸுக்கு அத்தியாயம். வெதர்ஃபோர்டுக்குச் சில வரிகள்!

1930-களின் நடுவில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். 1937-ல் பாரிஸ் சென்று தனிப் பியானோ பதிவுகள் செய்தார். பிறகு கொழும்பு, இறுதியாகக் கல்கத்தா, சௌரங்கியிலுள்ள கிராண்ட் ஓட்டல். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். 1942-ல் பர்மாவிலிருந்து நம் தமிழ்க் குடும்பங்கள் பல, காடும் மலையும் கடந்து நடந்தே வந்தன அல்லவா? அந்தப் பர்மாவிலிருந்து வந்த இசைக் கலைஞர்களும் அவர் குழுவில் இடம் பெற்றனர். ரூபன் சாலமன், செட்ரிக் வெஸ்ட் அவர்களில் இருவர். கப்பல் ஊழியராக வந்த ஜிம்மி விதர்ஸ்பூன் இக்குழுவுடன் பாடித்தான் முதலில் கவனம் பெற்றார். பின்னாளில் அவர் பெரிய புளூஸ் பாடகரானார்.

ஓட்டலுக்குள் நடனம், வெளியே 1943-ன் வங்கப் பஞ்சம். பஞ்சத்தோடு கொள்ளைநோய்களும் பரவின. 1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்டு காலராவில் இறந்தார். வயது 41. போர் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன.

பிறந்த நாட்டில் நிறத்தைப் பார்த்துக் கதவடைத்த இடங்கள் பல. இங்கே தலைமை ஏற்றுப் பிறரையும் வளர்த்தார். ஆனால் விட்டுவந்த ஊர் மறந்தது. வந்து சேர்ந்த ஊரும் அவரைக் குறித்து வைக்கவில்லை. இசைத்தட்டுகள் மட்டும் இல்லையென்றால் அவர் பெயரே இன்று நமக்குத் தெரிந்திராது.

அன்பர்களே, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கும் இந்த நிலை வரலாம். மைசூர்ப் பக்கம் பிழைக்க வந்து தண்டவாளம் போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் எத்தனை பேர்! வீட்டுப் பெரியவர்களைப் பேசச் சொல்லி, பெயர், ஊர், ஆண்டு சகிதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் நமக்காக வேறு யார் எழுதுவார்கள்?