அந்தப் பழைய சென்ட் ஏன் திரும்பி வருவதில்லை?

"காலேஜ் நாள்ல நான் போட்ட சென்ட் இப்ப எங்கேயுமே கிடைக்க மாட்டேங்குதுக்கா. கம்பெனிக்காரன் ஏன்தான் நிறுத்தித் தொலைச்சானோ!"

இப்படிப் புலம்ப ஒரு நாற்பது வயது ஆனால் போதும். ஒருத்தருக்கு அது துபாயிலிருந்து வந்த மாமா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது. இன்னொருத்தருக்குப் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. வேறொருத்தர் முதல் சம்பளத்தில், விலையைக் கேட்கவே தயங்கித் தயங்கி வாங்கியிருப்பார். பேர் வேறு, கதை வேறு, ஏக்கம் ஒன்றுதான். இந்த இஞ்சி டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, நிதானமாகவே பார்ப்போம்.

சென்ட் இரண்டு விதமாகக் காணாமல் போகும். ஒன்று, பேரோடு போய்விடும். கடையில் கேட்டால், "அது இப்ப வர்றதில்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். இன்னொன்று, பேர் இருக்கும், பாட்டில் இருக்கும், அட்டைப்பெட்டியின் நிறம்கூட மாறியிருக்காது. மணிக்கட்டில் அடித்துப் பார்த்தால் மட்டும் யாரோ போல இருக்கும். முதலாவதில் வருத்தத்தோடு போயிற்று. இரண்டாவதில், நம் மூக்குதான் கெட்டுவிட்டதோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். மூக்கின் மேல் பழி போடுவதற்கு முன்னால் பாட்டிலுக்குள் இருக்கும் சரக்கைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

சென்ட் என்பது ஆல்கஹாலில் கரைத்த பல வாசனைப் பொருட்களின் கலவை. எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா கால் மணி நேரத்தில் பறந்துவிடும். பூ வாசனைகள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மரம், பிசின், பாசி, கஸ்தூரி போன்ற கனமான சரக்குகள் கடைசிவரை நிற்கும். மறுநாள் காலையில் துப்பட்டாவை எடுத்து உதறினால் லேசாக வீசுமே, அது இந்த அடிவாசனை. சென்ட்டுக்கு அதன் குணத்தைக் கொடுப்பது அதுதான். கடந்த நாற்பது வருடங்களில் அதிகம் கை வைக்கப்பட்டதும் அதில்தான்.

பாசியிலிருந்து தொடங்கலாம். அடுப்படியில் கல்பாசி டப்பா இருந்தால் எடுத்து வாருங்கள். ஓரம் சுருண்டு, ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பாக இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. முகர்ந்தால் காய்ந்த மண், பழைய மரப்பட்டை, அவ்வளவுதான். அதையே சூடான எண்ணெயில் போடுங்கள், தெருமுனை வரைக்கும் செட்டிநாட்டுக் குழம்பு மணக்கும். இதன் உறவுக்காரப் பாசி ஒன்று ஐரோப்பாவில் ஓக் மரக் கிளைகளில் வளர்கிறது. ஓக்மாஸ் என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து லைக்கன்கள். அந்தப் பாசியைப் பால்கன் பகுதிக் காடுகளில் சேகரித்து, பிரான்ஸில் கிராஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோய்ச் சாறெடுப்பார்கள். 1917-ல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட 'ஷீப்ர்', 1919-ல் ஜாக் கெர்லான் உருவாக்கிய 'மிட்சூகோ' எல்லாம் இந்தப் பாசியை நம்பி நின்றவை. ஆண்கள் ஷேவ் செய்துவிட்டுக் கன்னத்தில் தடவும் பழைய லோஷன்கள் பலவற்றிலும் அந்தச் சலூன் வாசனைக்கு அடியில் இருந்தது பாசிதான்.

அந்தச் சாற்றில் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்று இரண்டு பொருட்கள் இயற்கையாகவே உண்டு. துளியூண்டு பட்டாலே சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். உடம்பு ஒருமுறை அதைப் பகையாளி என்று குறித்துக்கொண்டால் பிறகு எளிதில் மறக்காது. 1973-ல் தொடங்கிய சர்வதேச வாசனைத் தொழில் சங்கமான இஃப்ரா, பாசியின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. 2019 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அந்த இரண்டும் உள்ள புதுச் சரக்கு சந்தைக்கு வரக் கூடாது, 2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு பழைய சரக்கும் அலமாரியில் இருக்கக் கூடாது. இப்போது அந்த இரண்டையும் பிரித்தெடுத்துவிட்டு மிச்சச் சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். மிட்சூகோ இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. 1970களின் பாட்டிலையும் இன்றைய பாட்டிலையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தவர்கள் இரண்டும் ஒன்று என்று சொல்வதில்லை.

பாசியாவது காட்டுச் சரக்கு. ஆலையில் செய்த பொருட்களும் தப்பவில்லை. லில்லி ஆஃப் த வேலி என்ற சின்ன வெள்ளைப் பூவிலிருந்து அத்தர் இறக்க முடியாது. அந்த மணத்தைச் செயற்கைப் பொருட்களை வைத்துத்தான் கட்ட வேண்டும். அதில் முக்கியமான ஒன்று லிலியால். சென்ட்டில் மட்டுமில்லை, ஷாம்பு, சோப்பு, கிரீம் எல்லாவற்றிலும் இருந்தது. இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. உலகம் முழுக்க விற்கிற கம்பெனி ஊருக்கு ஒரு கலவை செய்ய விரும்பாது. பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டம் தி.நகர்க் கடை அலமாரி வரை வந்து சேர்வது அப்படித்தான்.

சந்தனத்தின் கதையில் சட்டத்தைவிடக் கோடாலிக்குப் பங்கு அதிகம். 1989-ல் ழான்-போல் கெர்லான் உருவாக்கிய 'சம்சாரா'வின் முதுகெலும்பே மைசூர்ச் சந்தன எண்ணெய். சந்தன மரம் நட்டுவைத்துத் தண்ணீர் ஊற்றினால் தானாக வளர்கிற ஜாதி இல்லை. பக்கத்துச் செடிகொடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் பிழைக்கும். வயிரம் பாய்ந்து எண்ணெய் நன்றாகச் சேர முப்பது வருடம்போல ஆகும். அந்தப் பொறுமை கள்ளக் கடத்தலுக்கு இல்லை. சத்தியமங்கலம் காடும் ஜவ்வாது மலையும் பட்ட பாட்டை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீரப்பன் பேரைச் சொன்னால் போதும். இலைகளைக் குறுகவைத்து மரத்தையே சாகடிக்கும் ஸ்பைக் நோய் வேறு. 1998-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு உள்ளாகக்கூடிய மரங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் சந்தன வகையே இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் தோட்டப் பயிராக வளர்கிறது. அதோடு செயற்கைச் சந்தனத்தையும் சேர்த்துத்தான் வாசனைக் கம்பெனிகள் காலத்தை ஓட்டுகின்றன. பாட்டி கைப்பட எழுதிய குழம்புக் குறிப்பு பத்திரமாக இருந்தும், அதில் சொன்ன நாட்டுச் சரக்கு சந்தையில் இல்லாவிட்டால் என்ன செய்வோம்? கெர்லான் குடும்பத்துக் குறிப்பேட்டுக்கும் அதே கதிதான்.

கஸ்தூரிக்கு இன்னொரு திருப்பம். மானைக் கொன்று எடுத்துக்கொண்டிருந்த வாசனைக்கு மாற்று கிடைத்தது வெடிமருந்து ஆராய்ச்சியில். 1888-ல் ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வெடிமருந்துக்காக எதையோ கலக்கப் போய், கஸ்தூரி மணம் வீசும் பொருள் ஒன்று கைக்கு வந்தது. அந்த வழியில் பிறந்த மஸ்க் ஆம்ப்ரெட், சென்ட்டுகளுக்கு ஒரு பவுடர் மென்மையைக் கொடுத்தது. தோலில் அது இருக்க வெயில் பட்டால் புண்ணாகிறது, எலிகளின் நரம்பைப் பாதிக்கிறது என்று தெரியவந்ததும் அதையும் கைவிட்டார்கள்.

இவையெல்லாம் பேர் இருக்க உள்ளே மாறிய கதை. பேரோடு போவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குப் புத்தகம். கம்பெனி கைமாறும், உரிமம் வேறு ஆளுக்குப் போகும், வந்தவர் மெதுவாக விற்பதையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். ஃபெண்டியின் 'தியோரெமா' 1998-ல் வந்தது. ஆரஞ்சும் பட்டையும் கிராம்பும் கலந்த கதகதப்பான வாசனை. பழைய ஃபெண்டி சென்ட்டுகள் ஓரங்கட்டப்பட்டபோது அதுவும் போயிற்று. அதை உருவாக்கிய கிறிஸ்டீன் நாகெல் பிற்பாடு ஹெர்மேஸ் நிறுவனத்துக்கே வாசனைக் கலைஞர் ஆனார். அவர் உயர்ந்தார், சென்ட் திரும்பவில்லை.

"வேற கம்பெனிக்காரன் அதையே செஞ்சு விக்கலாமே?" நியாயமான கேள்வி. சூத்திரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். வாசனைக்குப் பதிப்புரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2006 ஜூன் 13 அன்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் கிடையாது என்றது. மூன்றே நாள் கழித்து நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. சட்டத்தை நம்ப முடியாதவர்கள் ரகசியத்தை நம்புகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான பொருட்கள் தெரிந்துவிடும். ஆனால் எந்த ஊர்ப் பாசி, எந்த வருடத்துச் சந்தனம் என்பதை இயந்திரம் சொல்லாது. தெரிந்தாலும் அது கையில் இருக்க வேண்டுமே.

அசலை முகர்ந்தே ஆக வேண்டும் என்பவர்கள் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாயில் 1990-ல் தொடங்கிய ஆஸ்மோதெக். ழான் பட்டூ நிறுவனத்தின் வாசனைக் கலைஞர் ழான் கெர்லியோ முன்னின்று உருவாக்கிய வாசனைக் காப்பகம். பாட்டிலுக்குள் ஆர்கான் வாயுவை நிரப்பி, இருட்டில், 12 டிகிரிக் குளிரில் வைத்திருக்கிறார்கள். 1917-ன் ஷீப்ரை அங்கே காகிதப் பட்டையில் நனைத்துக் கொடுப்பார்கள். முகரலாம், வாங்க முடியாது.

சரி, பாட்டில் கதை முடிந்தது. இன்னொரு டீ வரட்டும், மூக்கின் பக்கம் வருவோம்.

மனித மூக்கில் சுமார் 400 வகை மோப்ப ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டறிந்ததற்காகத்தான் ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. கண், காது வழியாக வரும் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். மோப்பச் செய்தி அங்கே போகாமலேயே உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கமும் போய்விடும். அதனால்தான் வாசனை முதலில் நெஞ்சை அடைக்கிறது, "இது எங்கே..." என்ற யோசனை பிறகு வருகிறது.

2006-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வில்லாண்டர், லார்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதியவர்களுக்குச் சொல்லையோ படத்தையோ காட்டியபோது பெரும்பாலும் பத்திலிருந்து இருபது வயதுக்குள்ளான நினைவுகள் வந்தன. வாசனையை முகரக் கொடுத்தபோது வந்தவை பத்து வயதுக்கு முந்தியவை. ஒரு வாசனையை முதன்முதலில் எங்கே சந்தித்தோமோ அந்தச் சந்திப்புதான் அழுத்தமாகப் பதிகிறது. மல்லிகையும் விபூதியும் நம்மைச் சின்ன வயதுக்கு இழுத்துப்போவது அதனால்தான். ஆனால் அந்த ஃபாரின் சென்ட் நமக்கு அறிமுகமானதே பதினெட்டு வயதில். அதனால் அது அந்த வயதின் பேரில் பதிவாகிவிட்டது.

இங்கேதான் கம்பெனிக்காரர் மேல் இருக்கும் கோபத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருடமாக விடாமல் தேய்த்துக் குளிக்கும் சோப்பை நினைத்துப் பாருங்கள். அது எந்த நாளையாவது ஞாபகப்படுத்துகிறதா? கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று எல்லா நாளும் அதன்மேல் ஏறிவிட்டதால் எந்த ஒரு நாளும் தனியாகத் தெரிவதில்லை. அந்த சென்ட்டோ மூன்று நான்கு வருடம் நம்மோடு இருந்துவிட்டு, வேறு எதுவும் அதன்மேல் ஏறுவதற்குள் சந்தையை விட்டுப் போய்விட்டது. தொடர்ந்து கிடைத்திருந்தால் அதுவும் இந்நேரம் இன்னொரு சோப்பாகியிருக்கும். கல்லூரி வராந்தா அதில் அப்படியே இருப்பதற்குக் காரணம் அதை நிறுத்தியதுதான்.

ஆகவே, எங்காவது பழைய பாட்டில் ஒன்று மாட்டினால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். நிறம் கொஞ்சம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அடித்த முதல் சில நிமிடம் நெயில் பாலிஷ் மாதிரி வீசலாம். மேலே இருக்கும் எலுமிச்சை வகையறாதான் முதலில் கெடும். அரை மணி நேரம் பொறுத்து முகர்ந்து பாருங்கள், அடிவாசனை பெரும்பாலும் பிழைத்திருக்கும். தோலில் அடிக்காமல் கைக்குட்டையில் அடியுங்கள். அதில் இருப்பது தடைக்கு முந்தைய பாசியாகவும் இருக்கலாம். குளியலறை அலமாரி வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். அட்டைப்பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். சூடும் வெளிச்சமும்தான் அதற்கு எமன். கிடைத்துவிட்டதே என்று தினமும் ஆபீசுக்கு மட்டும் அடித்துக்கொண்டு போகாதீர்கள். கொஞ்ச நாளிலேயே அது பஸ் நெரிசலையும் மேனேஜரையும் ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிடும்.