கத்தரித்து ஒட்டிய எழுத்துகள்

துப்பறியும் திரைப்படங்களில் வரும் மிரட்டல் கடிதத்தை நாம் அறிவோம். ஓர் எழுத்து பெரிது, அடுத்தது சிறிது; ஒன்று தடித்தது, மற்றொன்று மெலிந்தது. செய்தித்தாளிலிருந்து எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டியிருப்பார்கள். இத்தனை தொல்லை எதற்கு? தன் கையெழுத்தே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று குற்றவாளி அஞ்சுகிறான்.

அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. 1932-ஆம் ஆண்டு அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாதக் குழந்தை கடத்தப்பட்டது. 50,000 டாலர் கேட்டு வைக்கப்பட்ட கடிதம் கையால் எழுதப்பட்டிருந்தது. அந்தோ! குழந்தை உயிருடன் திரும்பவில்லை. 1935-இல் நடந்த வழக்கில், எழுத்தின் வடிவமும் எழுத்துப் பிழைகளும் முக்கியச் சான்றுகளாயின.

கத்தரித்த எழுத்து கண்ணில் உடனே படுவது ஏன்? ஒரே வகை அச்செழுத்துகள் வரிசையாக நிற்கும்போது நாம் எழுத்தைப் பார்ப்பதில்லை, பொருளையே காண்கிறோம். சீருடை அணிந்த வகுப்பைப் போல அவை ஒன்றிவிடுகின்றன. பல வகைகள் கலந்தாலோ, ஒவ்வோர் எழுத்தும் நம்மைத் தனித்தனியே நிறுத்துகிறது. ஆகவே, ஒரு சொல்லுக்கு அது வேகம் தரும்; பக்கம் முழுவதும் வந்தால் சலிப்புத் தரும்.

இவ்வேகத்தைக் கலைஞர்கள் நன்கு உணர்ந்தனர். ஜெர்மனியில் ஹன்னா ஹோக் என்னும் பெண்மணி, பெர்லின் நகரப் பதிப்பகம் ஒன்றில் மகளிர் இதழ்களுக்குப் பூத்தையல் மாதிரிகள் வரைந்து வந்தார். அதே கை 1919-இல் அச்சிட்ட படங்களையும் எழுத்துகளையும் கத்தரித்து ஒட்டி, போருக்குப் பின் குழம்பிக் கிடந்த தம் நாட்டையே ஒரு பெரிய படமாக்கிற்று. 1977-இல் இங்கிலாந்தில் ஜேமி ரீட் இசைத்தட்டு உறைகளில் இம்முறையைக் கையாண்டார். 1984-இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணிப்பொறிக்காக, கத்தரித்து ஒட்டியது போலவே தோன்றும் ஓர் எழுத்து வகையைச் சூசன் கேர் என்னும் பெண்மணி வரைந்தளித்தார்.

ஹன்னா ஹோக்கின் படத்தில் வலப்புறக் கீழ் மூலையைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய ஐரோப்பிய நாடுகளின் வரைபடம் அங்கே உள்ளது. அதன் ஓரத்தில் தம் சிறிய முகத்தையும் அவர் ஒட்டியுள்ளார். கத்தரிக்கோல் ஒன்றுதான். குற்றவாளி அதனால் தன்னை மறைத்துக்கொள்கிறான். அவரோ தம் முகத்தைக் காட்டினார்.

மாணவியரே, கையெழுத்து இதழுக்கோ அறிவிப்புப் பலகைக்கோ எழுத்துகளை வெட்டி ஒட்டும்போது இதனை நினைவிற் கொள்வோம். நம் பெயரை இட்டுச் சொல்லத் தக்கதையே சொல்வோம்.