நடுவழியில் நின்ற பஸ்

சென்னைப் பட்டணத்தின் வடகோடியில், கொசஸ்தலை ஆற்றுக்கு அருகே மணலி புதுநகர் இருக்கிறது. மணலி, எண்ணூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள் குடியிருப்பதற்கென்று திட்டம் போட்டு அமைத்த ஊர். திட்டம் போட்டவர்கள் மனைகளை அளந்தார்கள், வீதிகளை அளந்தார்கள், ரயில் மட்டும் ஊருக்குள் வரவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் எண்ணூர்ப் பக்கமோ திருவொற்றியூர்ப் பக்கமோ போகவேண்டும். அங்கே போவதற்கும் பஸ் வேண்டும்! இத்தனைக்கும், பஸ்ஸுக்கு அடிச்சட்டம் செய்யும் அசோக் லேலண்ட் தொழிற்சாலை பக்கத்து எண்ணூரில்தான் இருக்கிறது. பஸ் பிறக்கிற இடத்துக்கு அண்டை வீட்டுக்காரர்கள் பஸ் இல்லாமல் தவித்தார்கள் என்றால் நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 2018ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அந்த வேடிக்கை எட்டு நாள் நடந்தது.

ஜனவரி 4ஆம் தேதி வியாழக்கிழமை. போக்குவரத்து மந்திரி விஜயபாஸ்கரோடு தொழிற்சங்கத்தார் நடத்திய சம்பளப் பேச்சு முறிந்தது. ஆளுங்கட்சிச் சங்கமும் வேறு சிலவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. மற்றச் சங்கங்கள் வெளியேறின. அன்று மாலையே வண்டிகள் நிற்கத் தொடங்கிவிட்டன. டெப்போவில் கிடந்த வண்டி கிளம்பாமலிருந்தது ஒரு விதம். ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் நின்று, பிரயாணிகள் இறக்கிவிடப்பட்டது இன்னொரு விதம். ஜனங்களுக்கு ஆத்திரம் மூட்டியது இந்த இரண்டாவது விதந்தான்.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? மாலை வேளையில் கைக்குழந்தையோடு வருகிற தாயும், சித்தாள் வேலை செய்துவிட்டு வருகிற பெண்ணும், பாடப் புத்தக மூட்டையைச் சுமந்து வருகிற பையனும் அந்த வண்டிக்குள்தான் இருப்பார்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிச் செல்லும் வடசென்னை ரஸ்தாவில் இருட்டின பிறகு நடந்து பார்த்தவர்களுக்கு அதன் பயங்கரம் தெரியும். மோட்டார் வைத்திருப்பவருக்கு வேலை நிறுத்தம் பத்திரிகைச் செய்தி. தினக்கூலிக்காரருக்கோ, வேலைக்குப் போய்ச் சேராத நாள் கூலி இல்லாத நாள். போய்ச் சேர்ந்தாலும், பங்கு ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுத்தால் கூலியில் பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

அப்படியானால் டிரைவர்கள் பேராசைக்காரர்களா? கணக்கைப் பார்ப்போம். பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 ஆல் பெருக்கவேண்டும் என்று சங்கங்கள் கேட்டன. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அந்தப் பெருக்கந்தான் கிடைத்திருந்தது. சர்க்கார் 2.44க்கு மேல் ஏற மறுத்தது. சம்பளம் இரண்டரை மடங்காகிவிடுகிறது என்று நினைத்துவிடவேண்டாம். அதுவரை தனியாக வாங்கிவந்த பஞ்சப்படியும் இந்தப் பெருக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்கு இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் மாதம் 1,300 ரூபாய். ஆனால் உண்மையான புண் வேறிடத்தில் இருந்தது. வருங்கால வைப்பு நிதிக்கென்றும் மற்றவற்றுக்கென்றும் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கழகங்கள் செலவு செய்துவிட்டன என்றும், அந்த வகையில் வரவேண்டிய பாக்கி சுமார் 7,000 கோடி ரூபாய் என்றும் சங்கங்கள் முறையிட்டன. ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பணத்துக்காகவே நடையாய் நடந்தார்கள். பிடித்த பணத்தைக் கொடு என்று கேட்பது பேராசை ஆகாது.

1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஊர் ஜனங்கள் பணம் சேர்த்து உதவினார்கள். 2018இல் ஊர் ஜனங்கள் சபித்தார்கள். ஜனங்களின் தேசபக்தி குறைந்துவிட்டதென்று இதற்கு அர்த்தமல்ல. ஆலை நின்றால் நஷ்டம் வெள்ளைக்கார முதலாளிக்கு. பஸ் நின்றால் நஷ்டம் கூலிக்காரருக்கு. 1947இல் சென்னை சர்க்கார் தானே பஸ் ஓட்டப் புறப்பட்டபோதே, 'முதலாளி யார்?' என்ற கேள்வி சிக்கலாகிவிட்டது. முதலாளி பொதுஜனமே என்றால், அடி விழுவதும் பொதுஜனத்தின் முதுகில்தான்.

ஜப்பானில் ஒகயாமா நகரத்து பஸ் டிரைவர்கள் அதே 2018இல் ஒரு யுக்தி செய்தார்கள். வண்டியை ஓட்டினார்கள், கட்டணம் மாத்திரம் வாங்கவில்லை. பிரயாணிக்குக் கஷ்டமில்லை, கம்பெனிக்குக் கஷ்டம். நம் ஊரில் இது சுலபமல்ல. டிக்கெட் கொடுக்காத கண்டக்டர் செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் அகப்பட்டால் அவருடைய வேலைக்கே ஆபத்து. ஆனால் புறப்பட்ட வண்டியைக் கடைசி நிறுத்தம் வரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலையை நிறுத்துவதற்கு யாருடைய அநுமதியும் வேண்டியதில்லையே! அதைக்கூடச் செய்யாதவர்களுக்காகப் பரிந்து பேச என் நா எழவில்லை.

ஹைக்கோர்ட்டு மறுநாளே வேலைக்குத் திரும்பும்படி உத்தரவிட்டது, ஒருவரும் திரும்பவில்லை. சர்க்கார் தற்காலிக டிரைவர்களைக் கொண்டு வண்டி ஓட்டிப் பார்த்தது. ஓய்வு பெற்றவர்களுக்காக 750 கோடி ரூபாய் தருவதாக முதல் மந்திரி எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் அறிவித்தார். கடைசியில் 11ஆம் தேதி, ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபன் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார்; அதுவரையில் 2.44 என்று ஏற்பாடாயிற்று. பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில் வண்டிகள் மீண்டும் உருண்டன.

ஆனால் இந்தப் பழக்கம் அத்துடன் போய்விடவில்லை. தனியார் காண்டிராக்டர் மூலம் டிரைவர்களை எடுப்பதை எதிர்த்து 2023 மே 29ஆம் தேதி மாலை சென்னையில் மறுபடியும் திடீரென்று பஸ்கள் நின்றன. அப்போதும் வீடு திரும்பும் நேரந்தான்.

2018 கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. வேலை நிறுத்தம் முடிந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 20ஆம் தேதி, பஸ் கட்டணம் உயர்ந்தது. சென்னையில் குறைந்தபட்ச டிக்கெட் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆயிற்று. எட்டு நாள் நடந்தவர்கள் ஒன்பதாம் நாளிலிருந்து அதைக் கொடுத்தார்கள்.