ஆடு ஏன் வட்டமா சுத்துது?

நம்மில் பல பேர் வீட்டில் ஆடு இருக்கு. அதனால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

சில ஆடுகள் மேயாமல் ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றும். தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். கண் தெரியாமல் சுவரில் முட்டி நிற்கும். "காத்து கருப்பு பட்டிருச்சு, மந்திரிக்கணும்" என்று எங்க பாட்டி சொல்வாங்க. உண்மையில் அதன் மூளைக்குள் நீர்க்கட்டி இருக்கலாம். இதற்கு ஆங்கிலத்தில் 'கிட்' நோய் என்று பெயர்.

அந்தக் கட்டி எப்படி வருது? நாயின் சிறுகுடலில் டீனியா மல்டிசெப்ஸ் என்ற நாடாப்புழு வாழ்கிறது. நீளம் 40 முதல் 100 செ.மீ. வரை இருக்கும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆடு அந்தப் புல்லைத் தின்றால், குடலில் முட்டை பொரித்து, இளம்புழு குடல் சுவரைத் துளைத்து இரத்தம் வழியாக மூளைக்குப் போகும். அங்கே 6 முதல் 8 மாதத்தில் கோழிமுட்டை அளவுக்குக்கூட கட்டியாக வளரும். மண்டை ஓடு விரியாது இல்லையா? அதனால் கட்டி மூளையை அழுத்தும். பெரும்பாலும் கட்டி இருக்கும் பக்கமாகவே ஆடு சுற்றும்.

முக்கியமான விஷயம் இதுதான். இந்நோய் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு ஒட்டாது. கட்டிக்குள் நூற்றுக்கணக்கான புழுத்தலைகள் இருந்தாலும், நாய் அந்த மூளையைத் தின்றால்தான் அவை முழுப்புழு ஆக முடியும். நோய் ஆட்டின் தலை நமக்கு வேண்டாம் என்று நாய்க்குப் போடுறோமே, அப்போ நாமே புழுவை வளர்த்துவிடுறோம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆட்டுத் தலையை, மூளையை நாய்க்குப் போடாதீர்கள். எரியுங்கள், அல்லது நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள்.

2. நாய்க்கும் பூச்சி மருந்து கொடுங்கள். பிராசிகுவான்டல் மருந்து நாடாப்புழுவைக் கொல்லும்.

3. சுற்றும் ஆட்டை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில ஆடுகளுக்கு அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுக்கலாம். வெறிநோயிலும் ஆடு மாறாட்டமாக நடக்கும். அதனால் அதன் வாய்க்குள் கை விடாதீர்கள்.

4. நாயைத் தொட்டால் சோப்பு போட்டு கை கழுவுங்கள். அரிதாக மனிதருக்கும் இந்தக் கட்டி வரும்.

ஆட்டுக்கு மட்டும் மருந்து வாங்கினால் போதாது. இன்றைக்கே வீட்டில் கேளுங்கள்: நம்ம நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தாச்சா?

- 9ஆம் வகுப்பு மாணவி