எல்லைக்கோடு யார் கையில்?

(ஏர்பேடு நிருபர்)

ஏர்பேடு ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம் காளஹஸ்தி. மறு பக்கம் ரேணிகுண்டா. இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறாமலே ராஜ்யம் மாறின. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் சென்னையிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. இப்படிக் கோடு போடும் அதிகாரம் டில்லிக்கா, மாநிலத்துக்கா?

நிர்ணய சபையில்...

1948 நவம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் இந்த வாதம் நடந்தது. எல்லையை மாற்றும் யோசனை சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டசபையில்தான் பிறக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார் கே. டி. ஷா. தமிழரான கே. சந்தானம் அதை எதிர்த்தார். ஆந்திரர் பிரிவினை கேட்டாலும் சென்னைச் சட்டசபையில் பெரும்பான்மை மறுத்துவிட்டால் கதை முடிந்தது என்பது அவர் வாதம். ஷாவின் திருத்தம் தோற்றது. சட்டத்தின் 3-ஆவது ஷரத்து அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்கே தந்தது. மாநிலம் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. 1959-இல் பம்பாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது.

திருத்தணி திரும்பியது

வேங்கடம் வரை தமிழகம் என்று போராடிய ம.பொ.சி.யும் டில்லியின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. மத்தியஸ்தராக வந்த படாஸ்கர், கிராமத்தை அளவாகக் கொண்டு, பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து 1957-இல் முடிவு சொன்னார். 1959-இல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யம் சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரம் வந்தது. சித்தூர், திருப்பதி, காளஹஸ்தி இங்கேயே நின்றன.

ஷாவின் விதி இருந்திருந்தால், திருத்தணியை விட்டுத்தர ஆந்திரச் சட்டசபையே முதலில் முன்வந்திருக்க வேண்டும். வந்திருக்குமா?

அதே கத்தி பிறகு ஆந்திரத்தின் மீதே பாய்ந்தது. 2014 ஜனவரியில் பிரிவினை மசோதாவை ஆந்திரச் சட்டசபை நிராகரித்தது. ஆனாலும் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தது. அந்தப் பிரிவினைச் சட்டம் ஆந்திரத்துக்கு வாக்களித்த ஐ.ஐ.டி.தான் இன்று நம் ஏர்பேட்டில் நிற்கிறது!

மாவட்ட எல்லையோ மாநிலத்தின் கையில். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தை அமைக்கப் பார்லிமெண்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நமக்கு என்ன?

கோடு எங்கே போட்டாலும் இரு பக்கமும் சிறுபான்மையர் மிஞ்சுவர். அவர்களுக்காக 1956-இல் 350-ஏ ஷரத்து சேர்க்கப்பட்டது. குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலம் வசதி செய்ய வேண்டும். ஜனாதிபதி அதற்கு உத்தரவும் இடலாம். மொழிச் சிறுபான்மையர் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரியும் உண்டு.

பள்ளி நடத்துவது மாநிலம். கேட்கும் உரிமையைத் தருவது அரசியல் சட்டம். எல்லையை மாற்றும் சக்தி நமக்கில்லை. பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்ப்பதும், வகுப்பு இல்லாத ஊரில் பெற்றோர் சேர்ந்து மனுக் கொடுப்பதும் நம்மால் ஆகும். கேட்காத உரிமை ஏட்டிலேயே கிடக்கும்.